ஒரு வாய்க்கு மட்டும்

முகத்தை நம்ப முடியாது என்றானதும் அரசாங்கம் விரல் ரேகையைக் கேட்டது. விரல் ரேகையை ஆளாளுக்கு வீட்டிலேயே அச்சடிக்க ஆரம்பித்ததும் கண்ணைக் கேட்டது. கண்ணுக்கும் போலி வந்தபிறகு, வேறு வழியில்லாமல் பல்லைப் பிடித்துக்கொண்டது. மனிதப் பல்லின் மேல்பூச்சில் நுணுக்கமான கோடுகள் இருக்கின்றனவாம். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காதாம். பல்ரேகை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து நாடே இளிக்கத் தொடங்கியது.

பஸ்ஸில் ஏற வேண்டுமா, இளி. ரேஷன் வேண்டுமா, இளி. முன்பெல்லாம் காரியம் ஆக வேண்டியவன்தான் அதிகாரியைப் பார்த்து இளிப்பான். இப்போது எல்லோரும் எந்திரத்தைப் பார்த்து இளித்தார்கள், அது ஒன்றுதான் சமத்துவம். கோயமுத்தூரில் சாருலதா குடியிருந்த அடுக்குமாடியில் யஷ்வந்த் தாத்தா போய்ச் சேர்ந்தபோது, துக்கம் விசாரிக்க வந்தவர்கள் லிஃப்டுக்கு முன்னால் வரிசையில் நின்று ஒவ்வொருவராக இளித்துவிட்டு, மேலே போய் அழுதார்கள்.

சாருலதாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பற்பசை டியூப் தீர்ந்தால் அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதைப் பிரஷ்ஷால் வழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுகிற ரகம். ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவாள். கஞ்சத்தனம் இல்லை, ஒரு பொருள் முழுதாக உபயோகப்படாமல் குப்பைக்குப் போவதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. வீட்டில் எதையும் கடைசியாக எடுத்துக்கொள்கிறவளுக்கு அந்தக் கடைசியில் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது.

மகள் மித்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அத்வைத் நல்ல பையன். அவனுடைய அம்மா நல்லவரா இல்லையா என்று சொல்லும் அளவுக்கு யாரும் அவரிடம் முழுதாகப் பேசி முடித்ததில்லை. அவர் மித்ராவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. பல்லு மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்குதுங்களே?" என்றார். அவ்வளவுதான், அந்த வாரமே வீட்டுக்கு முத்துப்பொலிவு வந்து இறங்கியது.

முத்துப்பொலிவு வீட்டிலேயே பல்லை வெள்ளையாக்கிக்கொள்ளும் பசை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பொறிகள் லட்சக்கணக்கில் இருந்தன. முதல் தடவை வாய்க்குள் போனதும் அவை அந்தப் பற்களின் ரேகையை மனப்பாடம் செய்துகொள்ளும். கறையைச் சுரண்டும்போது கோடு அழிந்தால், மனப்பாடம் செய்ததைப் பார்த்துத் திரும்பவும் வரைந்துவிடும். பல் வெள்ளையாகும், ஆள் மாற மாட்டார் என்பதுதான் விளம்பரமே. பெட்டியின் மேல் சிவப்பில் எழுதியிருந்தது: ஒரு வாய்க்கு மட்டும். பல் மருத்துவரைப் பார்த்த பிறகு மட்டும். கால் மணி நேரம் மட்டும். இத்தனை 'மட்டும்' போட்டால் எந்த வீட்டில் மதிப்பார்கள்?

மித்ரா அதைப் பல்லில் மாட்டும் ரப்பர் அச்சில் தடவி, கால் மணி நேரம் வைத்திருந்து, கழுவிவிட்டு வேலைக்குப் போனாள். பசை முக்கால்வாசி மிச்சமிருந்தது.

"இத்தன கெடக்குதே, வீணாப் போகுது" என்றாள் சாருலதா.

அவள் கணவர் ரித்தீஷ் காலையும் மாலையும் பூங்காவில் நடக்கிறவர். நடப்பது கொஞ்சம், பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவது நிறைய. பாக்குக் கறையோடு மகளின் கல்யாண ஆல்பத்தில் நிற்க அவருக்கும் மனமில்லை. "அச்ச வெந்நீர்ல அலசிக் குடு. நானும் போட்டுக்கறேன்" என்றார். போட்டுக்கொண்டார். டிவியில் ஒரு விவாதம் சூடாகப் போய்க்கொண்டிருந்ததால் ஒன்றரை மணி நேரம் போட்டுக்கொண்டார்.

கடைசியாகச் சாருலதா. டியூபில் இருந்ததோ வழித்தெடுத்த கொஞ்சம். அளவு குறைவாக இருக்கிறதே, நேரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, அச்சை மாட்டிக்கொண்டே தூங்கிவிட்டாள். அவள் கடைவாயில் விரிசல் விட்ட பழைய பல் ஒன்று இருந்தது. வருஷக் கணக்காக அது பாட்டுக்கு இருந்தது. வலிக்காத பல்லைக் காட்ட யார் டாக்டரிடம் போவார்கள்?

மறுநாள் காலையில் ரித்தீஷ் லிஃப்ட் கண்ணாடியில் தன் அழகைப் பார்த்து இளித்தார். லிஃப்ட், "வணக்கம் மித்ரா" என்றது. எந்திரத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நடக்கப் போனார். அவர் திரும்பி வந்து, மித்ரா வேலைக்குப் போனபிறகு, சாருலதா பக்கத்து வீட்டுக்காரரோடு லிஃப்டில் இறங்கிப் பால் வாங்கப் போனாள். பால் பூத் அவள் பல்லைப் பார்த்துவிட்டுச் சிவப்பாக மாறியது. "மித்ரா இப்போது அலுவலகத்தில் இருக்கிறார். நீங்கள் யார்?" என்று சத்தமாகக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாருலதா தூக்குப்போசியோடு ஓடியே வந்துவிட்டாள்.

எதிர் ஃபிளாட்டில் குடியிருந்த ஓவியா பல் மருத்துவர். வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் கைராசிக்காரி. மூன்று பேரையும் டைனிங் டேபிளில் உட்கார வைத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள்.

"மூணு பேருக்கும் ஒரே ரேகை" என்றாள். "அந்தப் பொறி மித்ராவோட பல்லத்தான் மொதல்ல பாத்துச்சு. அதுக்குத் தெரிஞ்ச பல்லு அது ஒண்ணுதான். உங்க வாயில போட்டா, 'அட, கோடெல்லாம் அழிஞ்சு கெடக்குதே'ன்னு நெனச்சு, உங்க கோட்டச் சொரண்டிப்போட்டு மித்ரா கோட்ட வரைஞ்சு வெச்சிருக்குது. சர்க்கார் கணக்குல இப்ப இந்த வீட்டுல இருக்கறது ஒரே ஆளுதானுங்க."

"வீட்டுலயே பல்ல வெளுக்கறதே தப்பா கண்ணு?" என்று சாருலதா கேட்டாள்.

"தப்பே இல்லீங்க்கா. முன்னாடி ஒரு நட வந்து வாயக் காமிச்சிருக்கோணும். ஓட்டை இருக்குதா, விரிசல் இருக்குதா, ஈறு வீங்கியிருக்குதான்னு பாத்துட்டுத்தான் பசையையே தொடோணும். ஒருத்தர் அச்ச இன்னொருத்தர் மாட்டக் கூடாது. சொன்ன நேரத்துக்கு மேல வெக்கக் கூடாது. நீங்க ராத்திரி பூரா வெச்சிருக்கீங்க. உங்க மேல்பூச்சு அப்பளமாட்டம் ஆயிப்போச்சு. இன்னும் கொஞ்சம் சொரண்டியிருந்தா உள்ளுக்குள்ள இருக்கற மஞ்சளே வெளிய வந்திருக்கும். வெளுக்கறேன்னு போயி மஞ்சளாத் திரும்பறவங்கள நான் தெனமும் பாக்கறேன்."

"சரி பண்ண முடியுமா, முடியாதா? அதச் சொல்லு" என்றார் ரித்தீஷ்.

"மேல்பூச்சு வளர்றதுக்கு மருந்து இருக்குது. ஒரு வருஷம் ஆகும். பல்பதிவு ஆபீசுல உண்மையச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு ஆரம்பிக்கோணும். வளர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பதிவில்லாத ஆளு. போலிப் பல்லுன்னு ஒரு கேஸும் வரும்."

பெண்ணின் அப்பா அம்மா மேல் போலிப் பல் கேஸ் என்றால் மாப்பிள்ளையின் அம்மா என்ன சொல்வார் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "கல்யாணம் முடியட்டும்" என்றார் ரித்தீஷ். சாருலதாவும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று பேர் ஒரு ஆளாக வாழ ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் ஒரு மித்ராதான் வெளியே இருக்க முடியும். மற்றவர்கள் வேண்டுமானால் அவளோடு ஒட்டிக்கொண்டு போகலாம்; ஒருவர் இளித்தால் அவரோடு வருகிறவர்களையும் சேர்த்து லிஃப்ட் ஏற்றிக்கொள்ளும். தனியாகப் போனால்தான் ஆபத்து. மித்ராவுக்கு வேலை இருந்தது, அவள் போயே ஆக வேண்டும். அவள் கிளம்புவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் ரித்தீஷுக்கு நடை இருந்தது. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்பார். எந்த டாக்டர் என்று கேட்டால் கோபம் வரும். இரண்டு பேருக்கும் போக மிச்சமிருந்த நேரம் சாருலதாவுக்கு. அந்த நேரத்தில் கடைகள் சாத்தியிருந்தன.

அவள் பதினோராவது மாடியில் இருந்தபடியே கல்யாண வேலைகளைச் செய்தாள். ஜவுளிக்கு மற்ற இரண்டு பேர் போனார்கள். நகைக்கும் அப்படித்தான். சாருலதா பால்கனியில் நின்று அவர்கள் வருகிறார்களா என்று பார்ப்பாள். யாரும் அவளை அடைத்து வைக்கவில்லை, அது உண்மைதான். அவளுடைய முறை என்று ஒன்று வரவில்லை, அவ்வளவே.

பல் கூச ஆரம்பித்தது முதலில் தண்ணீருக்கு. பிறகு காப்பிக்கு. பிறகு சும்மா வாயைத் திறந்தால் காற்றுக்கே சுரீர் என்றது. ஓவியா வந்து பார்த்துவிட்டு, இந்தத் தடவை கிண்டல் பண்ணாமல் பேசினாள்.

"அக்கா, அந்த விரிசல் வழியா பசை நரம்பு வரைக்கும் எறங்கியிருக்குது. உள்ள சீழ் வெக்குது. இதத் தொறந்து சுத்தம் பண்ணியே ஆகோணும், பல்லையே எடுக்கோணும்னு நெனைக்கறேன். ஆனா ஆஸ்பத்திரி நாற்காலி பேஷண்ட் பல்லப் பாக்காம சாயவே சாயாது. மித்ரா பேருலதான் பண்ண முடியும். பண்ணுனா, மித்ராவுக்கு ஒரு பல்லு இல்லைன்னு பதிவாயிரும். அப்பறம் கடைவாய்ப் பல்லு இல்லாத ஆளுதான் மித்ரா. நெசமான மித்ரா இளிச்சா எந்தக் கதவும் தொறக்காது."

"அப்ப வேண்டாம்" என்றாள் சாருலதா உடனே. "கல்யாணம் முடியட்டும். மித்ராகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு."

ஓவியா மாத்திரை கொடுத்தாள். சாருலதா அதைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போகக்கூட வழியில்லாமல், வாயை லேசாகத் திறந்தபடி முறுக்கு சுட்டாள்.

முகூர்த்தத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் மட்டும் வருகிறவர்களிடம் பல் கேட்பதில்லை. பந்தி நடக்கிற இடத்தில் வேறு எதையும் வாய்க்குக் குறுக்கே நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும், தாலி கட்டிய கையோடு, கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் நீட்டுகிற எந்திரத்தைப் பார்த்துச் சேர்ந்து இளிக்க வேண்டும். கல்யாணம் பதிவாகிவிடும். பதிவானதும் இரண்டு பேரின் ரேகையும் மறுநாள் விடிகிறவரை பூட்டிக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டு மண்டபங்களில் தாலி கட்டிய மகானுபாவர்கள் சிலர் இருந்ததால் வந்த சட்டம் இது. முகூர்த்தப் பூட்டு என்பார்கள்.

சாருலதாவின் இடது கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையல்கட்டுக்கும் மணவறைக்கும் நடந்தாள். யாருக்கும் தெரியவில்லை. கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவை எல்லாரும் கூப்பிடுவார்களே தவிர, யார் பார்க்கிறார்கள்? ரித்தீஷ் எதிரில் வந்தபோது, "கொஞ்சம் சிரிச்ச மொகமா இரு சாரு, சம்பந்தியம்மா பாக்கறாங்க" என்றுவிட்டுப் போனார்.

மணவறையில் மித்ராவின் மாலை முறுக்கிக்கொண்டிருந்தது. சாருலதா குனிந்து அதைச் சரிசெய்தாள். அவள் கன்னம் மகளின் கன்னத்தில் பட்டது. மித்ரா சட்டென்று விலகிப் பார்த்தாள். தோசைக்கல்லில் பட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, என்ன இது?"

"ஒண்ணுமில்ல. அடுப்புகிட்ட நின்னேன்."

"முந்தானைய எடு."

"பேசாம உக்காரு மித்ரா, நேரமாகுது."

மித்ராவே கையை நீட்டி முந்தானையை விலக்கினாள். பிறகு எழுந்து, பட்டுப்புடவை தடுக்க, பந்திக்கு ஓடினாள். பாதி இலையில் உட்கார்ந்திருந்த ஓவியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஓவியா சாம்பார்க் கையோடே சாருலதாவின் தாடைக்குக் கீழே புறங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"தொண்டைக்கு எறங்குது" என்றாள். "நாளைக்குன்னு வெச்சுக்காதீங்க. மூச்ச அடச்சுப்போடும். இப்பவே கூட்டிட்டுப் போகோணும்."

"கூச்சத்துக்குன்னு மாத்திரை குடுத்தீங்களே?" என்றாள் மித்ரா.

"மாத்திர கேக்கற கட்டத்த உங்கம்மா தாண்டிப் பல நாளாச்சு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்ற வாயையும் கட்டிப்போட்டாங்க." பிறகு, இப்போது இளித்துப் பூட்டு விழுந்தால் விடிகிறவரை எந்த ஆஸ்பத்திரியும் மித்ரா ரேகையை ஏற்காது என்பதையும், அம்மாவின் பல்லை எடுத்தால் அது மித்ராவின் பதிவில் ஏறிவிடும் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தாள்.

மித்ரா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அத்வைத் விஷயத்தைப் பாதிதான் புரிந்துகொண்டான். ஆனால் புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. "தாலியக் கட்டிடறேன். பதிவப் பின்னால பாத்துக்கலாம்" என்றான்.

"பதிவில்லாத கல்யாணமா?" என்றார் அவன் அம்மா. "ஊரு சிரிக்கறதுக்கா? இளிச்சுட்டு எங்க வேணும்னாலும் போகட்டும்."

ரித்தீஷ் நடுவில் வந்தார். "மித்ரா, அவசரப்படாத. பதிவு முடியட்டும். ஆஸ்பத்திரியில நான் பேசிக்கறேன். பெரிய டாக்டரு நம்ம பார்க்குல நடக்கறவருதான்."

"நாற்காலி உங்க பார்க்குல நடக்குதாப்பா?" என்று கேட்டாள் மித்ரா.

சாருலதா மகளின் கையைப் பிடித்தாள். பேச முடியாமல் பேசினாள். "போயி உக்காரு கண்ணு. என்னால உன்ற கல்யாணம் நின்னுச்சுன்னு இருக்க வேண்டாம்." அவளுக்குப் பயமாக இருந்தது. சாவதற்குப் பயம், அதைவிட, மணவறையைவிட்டு மகளை எழுப்பிவிட்டாளே என்று நாலு பேர் சொல்வதற்குப் பயம். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்பதை நினைத்தால் கேவலமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மித்ரா மாலையைக் கழற்றி அத்வைத்தின் மடியில் வைத்தாள். "வண்டிய எடு ஓவியாக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் சாருலதா இளித்தாள். அந்த வீக்கத்தோடு உதட்டைத் திறப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வணக்கம் மித்ரா, வயது இருபத்து நாலு" என்றது எந்திரம். நர்ஸ் சாருலதாவின் நரைத்த தலையைப் பார்த்தாள். எந்திரத்தைப் பார்த்தாள். எந்திரம் சொன்னால் நரையும் இருபத்து நாலுதான் என்று அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

சாருலதாவுக்கு நினைவு திரும்பியபோது வாய் முழுக்கப் பஞ்சு. தாடைக்குக் கீழே ஒரு குழாய். கட்டிலைச் சுற்றி ஆட்கள். முகூர்த்தப் பட்டுடனேயே மித்ரா. வியர்த்த சட்டையோடு ரித்தீஷ். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு சின்ன எந்திரமுமாக முன்பின் தெரியாத ஓர் ஆள்.

அவர் பல்பதிவு அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று வெளியே போன மித்ரா, திரும்பி வரும்போது பழக்கத்தில் வாசலில் இளித்திருக்கிறாள். கதவு திறக்கவில்லை, மணி அடித்துவிட்டது. பிறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஒரு ரேகைக்கு ஒரு ஆளுதாங்க" என்றார் அதிகாரி. அவருக்கு இது மதியச் சாப்பாட்டு நேரம் என்பது குரலில் தெரிந்தது. "இந்த அம்மா, 'தப்பாப் பதிவாயிருச்சு, எனக்கு வேண்டாம்'னு தலையாட்டுனா, நேத்து இருந்த மாதிரியே மாத்திருவேன். பொண்ணு பழையபடி மித்ரா. ஆனா பதிவில்லாதவங்களுக்கு இங்க கட்டில் கெடையாதுங்க. இந்த அம்மா வெளிய போயி மனு குடுத்து, உத்தரவு வாங்கிட்டுத்தான் உள்ள வரோணும். இல்ல, இவங்க இந்த எந்திரத்தப் பாத்து இளிச்சா, இந்தப் பதிவு இவங்களுக்கே. இவங்களுக்குச் சொந்த மேல்பூச்சு வளர்ற வரைக்கும், ஒரு வருஷம், பொண்ணு பதிவில்லாம காத்திருக்கோணும். போலிப் பல்லு கேஸு எப்படியும் தனியா வரும், அதுல மாத்தமில்ல."

ரித்தீஷ் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "எழுதிக்குங்க. அவ விட்டுக் குடுத்துருவா. எப்பவுமே அப்படித்தான், அவளுக்குன்னு ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். "அத்வைத் வெளியதான் உக்காந்திருக்கான். சாயங்காலத்துல இன்னொரு முகூர்த்தம் இருக்குது. மண்டபத்த நான் பேசி வெச்சுட்டேன்."

சாருலதா மகளைப் பார்த்தாள்.

"என்னைய என்ன பாக்கற?" என்றாள் மித்ரா. "தெரிஞ்சுதான் எந்திரிச்சு வந்தேன். உன்ற இஷ்டம்மா."

கழுத்தில் குழாய் இறங்கிய இடம் விண்விண் என்று தெறித்தது. சாருலதா யோசித்தாள். தலையாட்டுவது சுலபம். அவள் கழுத்துக்கு அது பழகிய வேலை. தலையாட்டிவிட்டு, இந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ ஓர் அலுவலக வரிசையில் நிற்க வேண்டும். எல்லாரும் அவளைத் தங்கமான மனுஷி என்பார்கள். செத்துப்போனால் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொல்வார்கள். லிஃப்டுக்கு முன்னால் வரிசையில் இளித்துவிட்டு வந்து சொல்வார்கள். அவளுக்குத் திடீரென்று அடக்க முடியாத கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, தன் மேலும்தான். சாக அவளுக்கு இஷ்டமில்லை.

வாய்க்குள் விரலைவிட்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து ரித்தீஷின் உள்ளங்கையில் வைத்தாள். அதிகாரியின் கையைப் பிடித்து எந்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பொக்கை தெரிய, ஈறு தெரிய, நன்றாக இளித்தாள்.

"வணக்கம் மித்ரா" என்றது எந்திரம்.

மித்ரா பட்டுப்புடவையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழவும் செய்தாள். ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை, அது அவளுக்கும் தெரியும். அதிகாரி எதையோ அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

ரித்தீஷுக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. மகளோடு ஒட்டிக்கொண்டு இனி லிஃப்டில் ஏற முடியாது. மகளுக்கே யாராவது துணை வேண்டும். அவர் வாயிலிருந்த பல்லும் இப்போது எந்தக் கணக்கிலும் இல்லை.

"அப்ப நான் எப்படி ஊட்டுக்குப் போறது?" என்றார்.

சாருலதாவுக்குப் பேச்சு குழறியது. ஆனாலும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "என்ற கூட வாங்க. நான் போகறப்ப."

"நீ எப்பப் போவ?"

"டாக்டர் சொல்லட்டும்."

அவர் கையிலிருந்த பஞ்சை எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வராந்தாவுக்குப் போனார். அங்கே அத்வைத் மடியில் இரண்டு மாலைகளோடு உட்கார்ந்து, பந்தியிலிருந்து யாரோ கட்டிக்கொடுத்த லட்டைத் தின்றுகொண்டிருந்தான். நகர்ந்து இடம் கொடுத்து, மாமனாருக்கும் ஒன்றை நீட்டினான்.